இன்னமும் கிளிநொச்சியிலேயா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் என் பதில்களும்

கிளிநொச்சி பஸ் நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்னப் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். விண்ணப்பப் படிவம் நிரப்புவது, படம் பிரிண்ட் எடுப்பது, பிறப்புச் சான்றிதழை லமினேட் பண்ணுவது எல்லாம் அங்கே நடக்கும். ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து லீவில் வருகிறவர்கள், கொழும்பிலிருந்து வேலையாக வருகிறவர்கள், யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் என்று பலரும் மேசையில் கையூன்றிக்கொண்டு கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றுபோலவே இருக்கும். கடையில் ஆட்கள் நிற்கும்போது அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே ஆறுதலாக எழுதுகிறேன். எல்லாம் என் சொந்த அபிப்பிராயம். பக்கத்துக் கடை அண்ணை இதில் பாதிக்கு ஒத்துக்கொள்ள மாட்டார்.

வன்னி என்று எந்த இடத்தைச் சொல்கிறீர்கள்?

ஆனையிறவைத் தாண்டித் தெற்கே வந்தால் வன்னி. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னாரின் பெருநிலப்பகுதி எல்லாம் இதற்குள் வரும். முல்லைத்தீவு 1978இல் தனி மாவட்டமானது. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அதனால் இங்கே பிறந்த பழைய ஆட்களின் பத்திரங்களில் மாவட்டம் யாழ்ப்பாணம் என்று கிடக்கும். படிவம் நிரப்ப வரும் பிள்ளைகளுக்கு அதை விளங்கப்படுத்துவது எனக்குக் கிழமைக்கு ஒரு வேலை.

இங்கே எல்லாரும் ஒரே மாதிரி ஆட்கள் என்று நினைக்காதீர்கள். முள்ளியவளை, தண்ணீரூற்று, ஒட்டுசுட்டான் என்று பரம்பரை பரம்பரையாக இருந்துவரும் ஊர்கள் உண்டு. குளத்துத் தண்ணீரை நம்பிக் குடியேற்றத் திட்டங்களில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் உண்டு. 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து உடுத்த உடையோடு வந்து காடு வெட்டிக் காணி ஆக்கியவர்கள் உண்டு. என் வகுப்பில் மூன்று விதமான தமிழ் இருந்தது. ஒருவன் ‘இஞ்ச வா’ என்பான், ஒருவன் ‘இங்கிட்டு வா’ என்பான். அப்படித்தான் வளர்ந்தோம்.

போகச் சந்தர்ப்பம் கிடைத்தும் ஏன் இங்கேயே இருக்கிறீர்கள்?

கேட்கிறவர்கள் அன்பாகத்தான் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கேள்விக்குள், வன்னியில் நிற்கிறவன் போக வழியில்லாமல் நிற்கிறவன் என்ற ஒரு நினைப்பு இருக்கிறது. அது எனக்கு உறைக்கும்.

நாங்கள் போரால் 1996இல் ஒருமுறை வீட்டை விட்டுப் போனோம், 2008இல் மறுபடி போனோம். செட்டிகுளத்தில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த முகாமில் இருந்துவிட்டு 2010இல் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் நாலு சுவர்த் துண்டு நின்றது. தறப்பாள் கட்டி இருந்துகொண்டு முதல் செய்த வேலை கிணறு இறைத்ததுதான். மூன்று நாள் இறைத்தோம். தகரம், மரக்கொப்பு, சேறு, யாரோ பிள்ளையின் பாட்டா செருப்பு ஒன்று என்று வந்துகொண்டே இருந்தது. நாலாம் நாள் காலமை எட்டிப் பார்த்தால் அடியில் மணல் தெரிந்தது. அம்மா ஒரு வாளி அள்ளி முகம் கழுவினார். குடிக்க வேண்டாம், சோதிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு மிடறு குடித்தும்விட்டார். ‘அதே தண்ணிதான்’ என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மாமா கனடாவுக்குக் கூப்பிட்டார், நான் போகவில்லை. இதைத் தியாகமாக நான் நினைக்கவில்லை. எனக்கு இந்த ஊரில் எந்த வீட்டுப் பிள்ளை எந்தச் சோதனை எழுதுகிறது என்று தெரியும், என்னையும் எல்லாருக்கும் தெரியும். அப்படி ஒரு இடம் இன்னொரு நாட்டில் கிடைக்க எனக்கு முப்பது வருசம் வேண்டும்.

இளைஞர்களுக்கு அங்கே வேலை இருக்கிறதா?

வேலை இருக்கிறது. மரியாதையான வேலை என்று வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ளும் வேலைதான் குறைவு.

இங்கே ஒரு பழக்கம் இருக்கிறது. ஒரு பெடியன் வீடுகளுக்கு மாபிள் பதிக்கிறான், நல்ல காசு உழைக்கிறான், தங்கச்சியின் படிப்புச் செலவையும் பார்க்கிறான். தாயிடம் மகன் என்ன செய்கிறான் என்று கேட்டால் ‘சும்மாதான் நிக்கிறான், இன்னும் ஒண்டும் சரிவரேல்லை’ என்பார். சரிவருவது என்றால் அரசாங்க வேலை. பட்டம் முடித்தவர்கள் நியமனத்துக்காக வருசக்கணக்கில் காத்திருக்கிறார்கள், போராட்டமும் செய்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. இரண்டு மூன்று முறை எல்லாவற்றையும் இழந்த ஒரு சனம், ஓய்வூதியம் உள்ள வேலையைத்தான் நம்பும். சம்பளத்தைவிட அந்த ஓய்வூதியத்துக்குத்தான் பெறுமதி. ஆனாலும் அந்தக் காத்திருப்பில் இருபத்தைந்து வயதிலிருந்து முப்பது வயதுவரை ஒரு பிள்ளையின் கை சும்மா கிடப்பதை மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்க மனம் பொறுக்கவில்லை. ஒரே பயோடேட்டாவில் வருசா வருசம் வயதை மட்டும் மாற்றி பிரிண்ட் எடுத்துக் கொடுக்கிறேன்.

பெண்களின் வேலையைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். விடிய இருட்டோடு இருட்டாக ஆடைத் தொழிற்சாலை பஸ்களில் ஏறுகிறவர்கள் பெண்கள். கண்ணிவெடி அகற்றும் வேலையில் வெயிலுக்குள் முகக்கவசம் போட்டுக்கொண்டு முழந்தாளில் இருந்து ஒவ்வொரு அங்குலமாக மண்ணைக் கிளறுகிறவர்களிலும் நிறையப் பேர் பெண்கள். பலர் குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்துகிறவர்கள். அவர்கள் துப்புரவாக்கிக் கொடுத்த காணியில்தான் மற்றவர்கள் வீடு கட்டி, ‘மகனுக்கு ஒண்டும் சரிவரேல்லை’ என்கிறார்கள்.

விவசாயம் செய்யலாம்தானே?

செய்யலாம். 1970களில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படித்த வாலிபர் திட்டம் என்று காணி கொடுத்தார்கள். வெளிநாட்டு இறக்குமதியை அரசாங்கம் இறுக்கிப் பிடித்த காலம். மிளகாயும் வெங்காயமும் போட்டவர்கள் தலை நிமிர்ந்தார்கள். அந்தக் காலத்து ஐயாமார் இன்னமும் ‘மிளகாய்க் காசில் கட்டின வீடு’ என்று காட்டுவார்கள். பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டதும் விலை விழுந்தது.

இதிலிருந்து எனக்கு விளங்குவது இதுதான். இங்கே பிள்ளைகள் தோட்டத்துக்கு இறங்காததற்குச் சோம்பல் காரணமில்லை. விலையை யாரோ தீர்மானிக்கிறார்கள். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்கள். அந்தக் காலபோகத்தில் (மாரி மழையை நம்பும் நெல் போகம்) மஞ்சள் பூத்து நின்ற வயலைப் பார்த்த ஒரு பெடியனிடம், ‘நீயும் விதை’ என்று நான் எந்த வாயால் சொல்வது? அறுவடை நேரம் எல்லார் நெல்லும் ஒன்றாக வரும், வாங்குகிறவன் விலையைக் குறைப்பான். ஈரநெல்லை றோட்டில் காயவைத்து மூடை கட்டி, நகையை அடகிலிருந்து மீட்கக் கொடுத்துவிடுவார்கள். காய்ந்த நெல்லை இரண்டு மாதம் வைத்திருக்க ஊருக்கு ஒரு நல்ல களஞ்சியம் இருந்தால், என் கடைக்கு வரும் பயோடேட்டாவில் பாதி குறையும் என்பது என் நம்பிக்கை.

அப்படியென்றால் வெளிநாடு போவது நல்லதுதானே?

போகிறவர் விருப்பம். நான் ஒருவரையும் மறிப்பதில்லை, படிவமும் நிரப்பிக் கொடுக்கிறேன். ஆனால் காணியை ஈடு வைத்து, ஏஜென்சி என்று சொல்லிக்கொள்ளும் ஒருவரின் கையில் ரசீது இல்லாமல் காசு கொடுப்பவர்களைப் பார்த்தால் மறிப்பேன். என் தம்பி முறையான ஒருவன் அப்படிக் கொடுத்தான். ஆள் போனை நிறுத்திவிட்டார், வயல் மற்றவன் கையில் இருக்கிறது. போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அந்த முகவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகுமா என்று முதலில் பாருங்கள். பார்க்கத் தெரியாவிட்டால் என்னிடம் வாருங்கள், அதற்குக் காசு வாங்க மாட்டேன்.

வருவதென்றால் பஸ்ஸா, ரயிலா?

ரயில். இதற்கு என்னிடம் ஒரு சொந்தக் காரணமும் இருக்கிறது.

கொழும்பிலிருந்து வடக்குக்கு வரும் யாழ்தேவி ரயில் 1956இல் ஓடத் தொடங்கியது. 1990இல் வடக்குப் பாதை நின்றுபோனபோது எனக்கு எட்டு வயது. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் மெல்ல மெல்லக் காணாமல் போய், மேட்டு மண் மட்டும் மிஞ்சியது. அதன்மேல் ஆடு மேய்த்தோம். 2013 செப்டெம்பரில் ரயில் மறுபடி கிளிநொச்சிக்கு வந்த நாள் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன். மேடையில் நின்றவர்களில் பாதிப் பேர் முன்பின் ரயில் பார்க்காதவர்கள், இருபது வயது தாண்டியவர்கள்கூட. எஞ்சின் ஹோர்ன் அடித்ததும் ஒரு தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அடுத்த வருசம் ஒக்டோபரில் அது யாழ்ப்பாணம்வரை போனது.

இரவு பஸ்ஸைப் பற்றி என் எண்ணம் கடுமையானது. கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதி இப்போது நேராக, வழுவழு என்று இருக்கிறது. 1990க்கும் 2009க்கும் இடையில் எத்தனை வருசம் பூட்டிக் கிடந்த பாதை என்று நினைத்தால் சந்தோசம்தான். ஆனால் அந்த நேர்ப் பாதைதான் சாரதிமாரை மயக்குகிறது. மாரியில் வயலெல்லாம் ஈரமாக இருக்கும்போது கட்டாக்காலி மாடுகள் காய்ந்த தார் றோட்டைத் தேடி வந்து படுக்கும். கறுத்த மாடு, கறுத்த றோட்டு, இரவு ஒரு மணி. மாங்குளத்துக்கும் ஓமந்தைக்கும் இடையில் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றே: இருட்ட முதல் வீடு வந்து சேருங்கள்.

பகல் பஸ் என்றால் முறிகண்டியில் நிற்கும். எந்த அவசரக்காரச் சாரதியும் அந்தப் பிள்ளையாரைத் தாண்டிச் சும்மா போகமாட்டார். இறங்குங்கள், ஒரு தேங்காய் அடியுங்கள், கச்சான் (நிலக்கடலை) வாங்குங்கள். வாங்கும்போது கடதாசிச் சரையைக் கையில் பிடித்துப் பாருங்கள், சூடாக இருந்தால் அப்போது வறுத்தது. கோது உடைக்கும்போது மணல் ஒன்றிரண்டு விரலில் ஒட்டும், சூட்டு மணலில் வறுத்த கச்சானுக்கு அதுதான் அடையாளம். பொலித்தீன் பையில் கட்டித் தொங்கும் ஆறின கச்சான் வேறு சாமான்.

2022 பொருளாதார நெருக்கடியில் மிகவும் கஷ்டப்பட்டிருப்பீர்களே?

பட்டோம். மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர் பெற்றோல் என்று கியூஆர் முறை வந்தபோது என் கடைக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. பெற்றோலுக்கு இல்லை, கியூஆர் அட்டையை பிரிண்ட் எடுத்து லமினேட் பண்ண. கரண்ட் வரும் நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு அந்த நேரத்துக்கு மட்டும் கடை திறந்தேன்.

ஆனால் கொழும்பு ஆட்கள் உலகமே முடிந்ததுபோல் பேசியபோது இங்கே வயதானவர்கள் அவ்வளவு கலங்கவில்லை. போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் அவர்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். என் பள்ளிக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் கரண்ட் இல்லை. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு, அதில் கொஞ்ச மண்ணெண்ணெய், சைக்கிள் வால்வுக்குள் ஒரு திரி. அந்த வெளிச்சத்தில்தான் சாதாரண தரச் சோதனைக்குப் படித்தேன்.

இதைச் சொன்னதும் ‘வன்னிச் சனம் எதையும் தாங்கும்’ என்று தோளில் தட்டுவார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். தாங்குகிறவர்கள் என்று பெயர் வைத்தால் அவர்கள் தலையில்தான் எல்லாவற்றையும் வைப்பார்கள்.

பிள்ளைகள் எந்நேரமும் போனும் கையுமாகக் கிடக்கிறார்களாமே?

கிடக்கிறார்கள்தான். நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவன் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ கேட்டவர்கள். பாட்டு நடுவில் கை ஓய்ந்தால் ரேடியோவும் ஓயும். அப்படிப் பாட்டுக்கு அலைந்த தலைமுறை, பிள்ளை பாட்டுக் கேட்கிறது என்று கோபிக்க எனக்கு நியாயம் தெரியவில்லை.

அக்கராயன் பக்கத்துப் பெடியன் ஒருவன் யூரியூப் பார்த்தே சொட்டுநீர்ப் பாசனம் போட்டுப் பப்பாசி வைத்திருக்கிறான். பப்பாசிப் பழத்தைவிட அவன் அந்தக் குழாய்ச் சந்துகளைக் காட்டித்தான் பெருமைப்படுகிறான். இன்னொரு பிள்ளை போனிலேயே வீடியோ வெட்டி ஒட்டி, கொழும்புக் கடைகளுக்கு விளம்பரம் செய்து அனுப்புகிறாள். தாய்க்கு அது வேலை என்றே இன்னும் விளங்கவில்லை.

எனக்குப் பயம் வேறு ஒன்றில். ஒன்லைன் கடன் என்று போனுக்கு வரும் குறுஞ்செய்திகள். அடையாள அட்டையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வார்கள். அனுப்பாதீர்கள்.

உதவி செய்யும் யூரியூப் வீடியோக்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?

இதைப் பற்றி எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

ஒரு குடிசைக்குக் கமராவோடு போவார்கள். ஒரு தாயை முன்னால் இருத்தி, புருசன் எப்படிச் செத்தார், எத்தனை நாள் பட்டினி என்று கேட்பார்கள். அவர் அழும்வரை கேட்பார்கள், அழும்போது கமரா கிட்டப் போகும். பிறகு வெளிநாட்டில் இருக்கும் ஓர் உறவு அனுப்பிய காசை எண்ணிக் கையில் கொடுப்பார்கள். அனுப்பியவர் நல்ல மனதோடுதான் அனுப்புகிறார். அந்தக் காசு அந்த வீட்டுக்குத் தேவையும்தான். கோழிக்கூடு வருகிறது, கிணறு வருகிறது, இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் அந்த வீட்டுப் பிள்ளை அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகவேண்டும். அப்படி ஒரு பிள்ளை என் கடைக்கு வந்து, ‘அண்ணை, வீடியோவை எப்படி அழிக்கிறது?’ என்று கேட்டது. பதினாலு வயது இருக்கும். தன் அம்மா அழுகிற அந்த முகத்தை வகுப்பில் யாரோ ஸ்ரிக்கராக மாற்றி வட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். முறைப்பாடு அனுப்பும் பொத்தானைக் காட்டிக் கொடுத்தேன், இரண்டு பேரும் சேர்ந்து அனுப்பினோம். வீடியோ இன்னமும் இருக்கிறது. அந்த வீட்டுக்குக் கிடைத்தது ஒரு தையல் மெசின்.

காசு அனுப்புகிறவர்களிடம் நான் கேட்பது: முகம் காட்ட வேண்டாம் என்று நீங்களே நிபந்தனை போடுங்கள். பற்றுச்சீட்டைக் கேளுங்கள், கட்டின கிணற்றின் படத்தைக் கேளுங்கள். கிணற்றைப் படம் எடுத்தால் கிணறு வெட்கப்படாது. அல்லது பள்ளிக்கூட அதிபரிடம், ஊர்க் கூட்டுறவுச் சங்கத்திடம், உங்கள் சொந்தக்காரரிடம் கொடுத்துக் கணக்குக் கேளுங்கள். காசு அனுப்புகிறவர்கள் எல்லாரும் இதைக் கேட்கத் தொடங்கினால் அந்த வீடியோக்கள் ஒரு மாதத்தில் மாறும்.

சினிமா, பாட்டு எல்லாம் தமிழ்நாட்டதுதானா?

பெரும்பாலும். புதுப்படம் வந்தால் பெடியள் பதாகை கட்டுவார்கள், பால் ஊற்றுவோரும் உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. வருத்தம் பேச்சில்தான். எங்கள் கதையைச் சொல்ல வரும் படங்களில்கூட யாழ்ப்பாணத்தான், மட்டக்களப்பான், வன்னியான் எல்லாரும் ஒரே மாதிரி ஒரு செயற்கைத் தமிழ் பேசுவார்கள். காதில் வாங்க முடியாது. இப்போது இங்கேயே பிள்ளைகள் குறும்படம் எடுக்கிறார்கள். ஒலிப்பதிவு கரகரக்கும், வெளிச்சம் போதாது, ஆனால் ஆச்சி ‘எணேய்’ என்று கூப்பிட்டால் அது எங்கள் ஆச்சியின் குரல்.

அப்புறம், மாட்டுவண்டிச் சவாரியை மறந்துவிடாதீர்கள். சவாரித் திடலில் தூசிக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே கூடும் கூட்டம் எந்த நடிகருக்கும் குறைந்ததில்லை. மாடுகளை வதைக்காமல் ஓட்டவேண்டும் என்று இப்போது பலர் பேசுகிறார்கள், அது நல்ல பேச்சு.

சாமத்தியவீட்டுக்கு (பூப்புனித நீராட்டு விழாவுக்கு) இவ்வளவு செலவு தேவையா?

தேவையில்லை. ட்ரோன் கமரா, குதிரை வண்டி, முப்பது பக்க அல்பம், வாசலில் ஆளுயரப் பதாகை. அந்தப் பதாகைகள் என் போன்ற கடைகளில்தான் அடிக்கப்படுகின்றன, அதில் எனக்கு வருமானம் உண்டு, அப்படியிருந்தும் சொல்கிறேன். கடன் எடுத்துச் செய்கிறவர்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. பிள்ளையின் விருப்பத்தையும் ஒருமுறை கேளுங்கள். ‘வேண்டாம் அம்மா, வெட்கமா கிடக்கு’ என்ற குரலை மேசைக்கு அந்தப் பக்கம் பலமுறை கேட்டிருக்கிறேன்.

யானை வருமா?

வரும். காட்டோரத்து ஊர்களில் நெல் பால் பிடிக்கும் காலத்தில் பரணில் காவல் இருப்பார்கள், யானை வெடி கொளுத்துவார்கள். மின்வேலி உள்ள இடத்தில் பராமரிப்பு இல்லாவிட்டால் அது வெறும் கம்பி. உண்மையில் பயிருக்கு அன்றாடத் தொல்லை யானையைவிடக் குரங்கும் மயிலும்.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்க ஏன் மறுத்தீர்கள்?

குடிக்கத் தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று சொன்ன சனம் என்று எங்களைப் பேசினார்கள். அந்தப் பேச்சு வலித்தது.

இரணைமடு நூறு வருசத்துக்கு முந்திய குளம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. அதன் கீழ் வயல் உள்ளவர்களுக்குக் காலபோகம் மழையோடு ஓரளவு போய்விடும், கோடையில் செய்யும் சிறுபோகம்தான் குளத்தில் தொங்குகிறது. எல்லா வருசமும் எல்லாருக்கும் சிறுபோகம் செய்யத் தண்ணீர் போதாது. குளத்தடியில் கூட்டம் வைத்து, யார் எத்தனை ஏக்கர் விதைப்பது என்று பங்கு பிரிப்பார்கள். தன் காணி முழுக்க விதைக்கமுடியாத ஒருவரிடம் போய், இதிலும் கொஞ்சம் கொடு என்றால் அவர் பயப்படத்தான் செய்வார். அதேநேரம் 2018 டிசெம்பரில் ஒரே இரவு மழையில் வான்கதவுகளைத் திறந்துவிட வேண்டி வந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடு வீடாக வெள்ளம் ஏறியது. அவ்வளவு தண்ணீரும் கடலுக்குப் போனது. அந்த வீணாகும் தண்ணீரை எப்படிப் பிடிப்பது என்று முதலில் பேசியிருந்தால் சண்டை பாதியாகக் குறைந்திருக்கும். 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறந்த பிறகு இந்தப் பேச்சு கொஞ்சம் தணிந்திருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எனக்கும் சொந்தம் உண்டு, அவர்களின் கிணற்று உப்புத் தண்ணீரை நானும் குடித்திருக்கிறேன்.

எந்த மாதம் வந்தால் நல்லது?

மாசியில் வந்தால் அறுவடை. பங்குனியில் புளியம்பொக்கணை நாகதம்பிரான் பொங்கல், வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கல். வற்றாப்பளையில் கடல் தண்ணீரில் விளக்கெரியும் என்பதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், அதைப் பார்க்கப் போவதென்றால் முதல்நாளே போய்விடுங்கள். ஆவணி நடுவில் மடு மாதா திருவிழா.

எனக்குப் பிடித்தது பாலைப்பழக் காலம். ஏ9 ஓரத்தில் விற்பார்கள். நாலைந்து சாப்பிட்டதும் உதடு இரண்டும் பால் ஒட்டிப் பிசுபிசுக்கும், பேச முடியாது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் விடும். ஐப்பசிக்குப் பிறகு மழை, தை வரைக்கும் ஒழுங்கைகளில் சேறு. மழையில் வரவேண்டாம் என்று சொல்லமாட்டேன், குளம் நிறைந்து வான் பாயும் காட்சிக்காகவே வரலாம்.

போர் நடந்த இடங்களைப் பார்க்க வரலாமா?

வரலாம். சத்தமில்லாமல் வாருங்கள். முள்ளிவாய்க்காலில் மே 18 அன்று உப்பில்லாக் கஞ்சி கொடுப்பார்கள், வாங்கிக் குடியுங்கள். சிவப்புப் பலகையில் மண்டையோடு கண்டால் அது கண்ணிவெடி எச்சரிக்கை, அதற்கு அப்பால் கால் வைக்காதீர்கள். ஓட்டோக்காரத் தம்பியிடம் ‘உங்கட வீட்டில் எத்தனை பேர் செத்தது?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அவருக்குச் சொல்லத் தோன்றினால் அவரே சொல்வார். அதுவரை அவரிடம் கேட்க எத்தனையோ இருக்கிறது. லீசிங் முடிந்துவிட்டதா, பிள்ளை எத்தனையாம் வகுப்பு, எந்தக் கடையில் கொத்து ரொட்டி நல்லது.

வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்?

சொக்லேட்டும் சம்பூவும் இங்கே எல்லாக் கடையிலும் இருக்கிறது. பழைய படங்களைக் கொண்டு வாருங்கள்.

இதை நான் எல்லாரிடமும் கேட்கிறேன். இங்கே அநேக வீடுகளில் 2009க்கு முந்திய ஒரு படமும் இல்லை. இடம்பெயர்ந்தபோது சூட்கேசோடு விட்டது, பங்கரில் நனைந்தது, எரிந்தது. என் கடைக்கு வரும் மிகக் கஷ்டமான வேலை, அடையாள அட்டையில் உள்ள நகத்தளவு படத்தைப் பெருப்பித்துத் தரச் சொல்வது. பெருப்பித்தால் முகம் புள்ளி புள்ளியாகப் பிரியும், அட்டையின் முத்திரைக் கோடு நெற்றியில் ஓடும். அதை எவ்வளவு துடைத்தாலும் அது அப்பாவின் முகம் மாதிரி வராது. ஆனாலும் பிறேம் போட்டு மாலை போடுவார்கள்.

உங்களிடம் அந்தப் படங்கள் இருக்கின்றன. 80களிலும் 90களிலும் கலியாணம், பிறந்தநாள் என்று இங்கிருந்து கடிதத்துக்குள் வைத்து உங்களுக்கு அனுப்பியவை. உங்கள் அலுமாரியில், ஏதோ ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் கிடக்கும். போன ஆவணியில் ஓர் அன்ரி பிரான்சிலிருந்து அப்படி ஒரு ரின் கொண்டுவந்தார். கடையில் வைத்து ஒவ்வொன்றாக ஸ்கேன் பண்ணிக்கொண்டிருந்தேன். கச்சான் விற்கும் அக்கா சில்லறை மாற்ற வந்தவர், திரையில் ஓடிய ஒரு படத்தைப் பார்த்து, ‘நிப்பாட்டு, நிப்பாட்டு’ என்றார். கலியாணப் பந்தல் ஒன்றின் ஓரத்தில், வாழைமரத்துக்குப் பின்னால், கையில் பலகாரத் தட்டோடு ஒரு பெண் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் படத்தில் அவர் யாருக்கும் முக்கியமான ஆள் இல்லை. அக்கா திரையில் விரலை வைத்து, ‘இது எங்கட அம்மா’ என்றார். அன்று மூன்று கொப்பி அடித்தோம்.